தமிழில் உடைமைச் சொற்களைப் பிழையின்றி அமைத்தல்: முழுமையான வழிகாட்டி

ஒரு பொருள் இன்னாருக்கு உரியது என்று எழுதும்போது மூன்று வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. முதலில் பெயர்ச்சொல் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது; பிறகு அதனோடு 'இன்', 'உடைய', 'அது' போன்ற உருபு சேர்கிறது; கடைசியாக, அடுத்து வரும் சொல்லோடு அது இணைகிறது. சேலத்தில் அச்சகங்களுக்கும் மனு எழுதுவோருக்கும் பிழை திருத்திக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதிதாக எழுத வருவோரின் தாள்களில் காணும் உடைமைப் பிழைகளில் பெரும்பாலானவை, முதல் வேலையைத் தாண்டி நேரே இரண்டாவதற்குப் போவதால் வருபவை.

இத்தனைக்கும் பேச்சில் இந்தப் பிழை வருவதில்லை. 'மரத்தோட கிளை', 'ஏற்காட்டு ரோடு', 'எங்க வீட்டு மாடு' என்று பேசுகிற எவரும் 'மரமோட கிளை' என்று சொல்லிக் கேட்டதில்லை. அதே மனிதர் எழுத உட்கார்ந்தவுடன் 'ஏற்காடின் சாலை', 'சேலம்-ன் பெருமை' என்று எழுதிவிடுகிறார். எனவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, நாவுக்குத் தெரிந்ததைக் கைக்குப் பழக்குவதைப் பற்றியதே.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

முதலாவது, குற்றியலுகரத்தை அடையாளம் காணும் பழக்கம். கு, சு, டு, து, பு, று ஆகிய ஆறில் ஒன்றில் முடிந்து, தனிக்குறிலை மட்டும் முன்னால் பெறாத சொல் குற்றியலுகரச் சொல். வீடு, கிணறு, கொலுசு, கிழங்கு ஆகியவை இதில் அடங்கும். 'பசு' அடங்காது, ஏனெனில் அங்கே 'சு'வுக்கு முன்னால் ஒரு குறில் மட்டுமே இருக்கிறது. 'தெரு'வும் அடங்காது, ஏனெனில் 'ரு' அந்த ஆறில் இல்லை. இந்த ஒரு வேறுபாடு தெரியாவிட்டால் முதல் வேலையிலேயே பாதி வழியில் நின்றுவிடுவீர்கள்.

இரண்டாவது, உடையவர் உயர்திணையா அஃறிணையா என்பதும், உடைமையாக இருப்பது எந்தத் திணை என்பதும். உருபைத் தேர்வதற்கும் வல்லினம் மிகுமா மிகாதா என்று முடிவு செய்வதற்கும் இது தேவைப்படும்.

மூன்றாவது, உடைமையைக் காட்டும் ஆறாம் வேற்றுமை ஒரு பெயரை இன்னொரு பெயரோடுதான் சேர்க்கும் என்ற தெளிவு. 'மாணவர்களின் எழுத்து' என்பது சரி. 'மாணவர்களின் எழுதுவது' என்பது பிழை, அங்கே 'மாணவர்கள் எழுதுவது' என்றே வர வேண்டும். 'சேலத்தின் வடக்கே ஏற்காடு இருக்கிறது' என்ற தொடரிலும் 'இன்' வருகிறது. ஆனால் அது எல்லையைக் காட்டும் ஐந்தாம் வேற்றுமை; உடைமை அன்று.

2. முதல் வேலை: பெயரின் வடிவத்தை மாற்றுதல்

பெயர் எந்த எழுத்தில் முடிகிறது என்று பாருங்கள். எந்த உருபைச் சேர்ப்பது என்ற எண்ணமே இப்போது வேண்டாம். உருபு எதுவாக இருந்தாலும் பெயர் ஏற்கும் வடிவம் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், அதை முதலில் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றவை எளிதாகும்.

'அம்' என்று முடியும் பெயர்கள் 'அத்து' என்று மாறும். மரம், மரத்தின், பழம், பழத்தின், சேலம், சேலத்தின், தாரமங்கலம், தாரமங்கலத்தின், அயோத்தியாப்பட்டணம், அயோத்தியாப்பட்டணத்தின். 'அம்' என்ற ஒலியில் முடிய வேண்டும் என்பதே இங்கே நிபந்தனை; 'ம்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அதனால்தான் பிளாட்பாரம், ஆல்பம், ஸ்டேடியம் போன்ற கடன்சொற்கள் பிளாட்பாரத்தின், ஆல்பத்தின், ஸ்டேடியத்தின் என்று தமிழ்ச் சொற்களைப் போலவே மாறுகின்றன. ரூம், டீம் ஆகியவை ரூமின், டீமின் என்று மாறாமல் நிற்கின்றன.

டு, று என்று முடியும் குற்றியலுகரச் சொற்களே மிகுதியாகப் பிழைபடுகின்றன. அவற்றுக்கு முந்திய எழுத்து உயிரோசையில் முடிந்தால் டகரமும் றகரமும் இரட்டிக்கும். வீடு, வீட்டின், ஏற்காடு, ஏற்காட்டின், தகடு, தகட்டின், கிணறு, கிணற்றின், திருமணிமுத்தாறு, திருமணிமுத்தாற்றின். 'வெளியீடின்', 'மதிப்பீடின்', 'வரலாறின்' என்று அச்சிலேயே பார்க்கிறோம். வெளியீட்டின், மதிப்பீட்டின், வரலாற்றின் என்பவையே சரியானவை. எண்ணுப்பெயரான ஆறு மட்டும் இரட்டிக்காமல் 'ஆறின் மடங்கு' என்று நிற்கும். தண்ணீர் ஓடும் ஆறு 'ஆற்றின் கரை' என்றே மாறும்.

முந்திய எழுத்து மெய்யாக இருந்தால் இரட்டிப்பு இல்லை. வண்டு, வண்டின், கன்று, கன்றின், பாட்டு, பாட்டின். 'ரோடு' ரோட்டின் என்று இரட்டிப்பதும் 'கார்டு' கார்டின் என்று இரட்டிக்காமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்: 'கார்டு' என்பதில் டுவுக்கு முன்னால் 'ர்' என்ற மெய் நிற்கிறது.

மற்றக் குற்றியலுகரச் சொற்களில் உகரம் கெட்டு, அந்த இடத்தில் 'இன்' நேரே ஏறும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளுக்கான விளம்பரத் தாள் ஒன்றைத் திருத்தும்போது 'கொலுசுவின் எடை' என்ற தொடரைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. கொலுசின், பட்டின், மிளகின், கிழங்கின் என்று எழுத வேண்டும். இரண்டு உயிரொலிகளை இணைக்க நடுவே வரும் வகர உடம்படுமெய் குற்றியலுகரத்துக்கு வராது. பசு, தெரு போன்று குற்றியலுகரம் அல்லாத உகரத்தில் முடியும் முற்றியலுகரச் சொற்களுக்கே வரும்: பசுவின், தெருவின். ஆட்பெயர்கள் இதற்கு விலக்கு. பாபு, ராஜு, வாசு என்பவர்களின் பெயர் உருச்சிதையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பாபுவின், ராஜுவின், வாசுவின் என்றே எழுதுகிறோம். இந்த வழக்கைக் குறை சொல்ல முடியாது.

உயிரில் முடியும் பிற பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இ, ஈ, ஐ ஆகியவற்றின் பின் யகரம் வரும்: ஏரியின், ஜவ்வரிசியின், மலையின், சங்ககிரியின். மற்றவற்றின் பின் வகரம் வரும்: பலாவின், பூவின், அம்மாவின்.

மெய்யில் முடியும் பெயர்களில், தனிக்குறிலை அடுத்து மெய் வந்தால் அந்த மெய் இரட்டிக்கும்: கல்லின், மண்ணின், நெல்லின், பில்லின், பஸ்ஸின். மற்ற இடங்களில் அப்படியே ஏறும்: தேனின், ஊரின், ஓமலூரின், காரின். பன்மைப் பெயர்களும் இவ்வாறே: மரங்களின், தொழிலாளர்களின்.

ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். செல்வம், சிதம்பரம் போன்ற ஆட்பெயர்கள் இலக்கணப்படி செல்வத்தின், சிதம்பரத்தின் என்றே மாறும். ஆனால் 'சிதம்பரத்தின் வீடு' என்றால் ஊரா ஆளா என்ற ஐயம் எழும். அழைப்பிதழிலும் மனுவிலும் 'சிதம்பரம் அவர்களின் வீடு' என்று எழுதிவிடுங்கள். பெயரும் சிதையாது, மரியாதையும் இருக்கும். 'சிதம்பரம்-ன்' என்று சிறுகோடு போட்டு ஒட்டுவது தீர்வாகாது, ஏனெனில் மகர மெய்யின் பின் னகர மெய் இப்படி நிற்பதைத் தமிழில் ஒலிக்கவே முடியாது.

3. மூவிடப் பெயர்களின் வடிவங்கள்

இவற்றுக்கு விதி தேடாமல் மனத்தில் பதித்துக்கொள்வதே நல்லது. நான் என்பது என் ஆகும்; நாம் என்பது நம், நாங்கள் என்பது எங்கள், நீ என்பது உன், நீங்கள் என்பது உங்கள், தான் என்பது தன், தாம் என்பது தம் ஆகும். அவன், அவள், அவர் ஆகியவை மாறுவதில்லை. யார் என்பதும் மாறாமல் 'யாருடைய' என்று உருபேற்கும்.

அஃறிணையில்தான் தடுமாற்றம் மிகுதி. அது, இது, எது ஆகியவை அதன், இதன், எதன் என்று ஆகும். அவை, இவை, எவை ஆகியவை அவற்றின், இவற்றின், எவற்றின் என்று ஆகும். பல, சில என்பவை பலவற்றின், சிலவற்றின் என்று ஆகும். 'அவைகளின்' என்று பலரும் எழுதுகிறார்கள். 'அவை' என்பதே பன்மையாக இருக்கும்போது அதன் மேல் 'கள்' எதற்கு?

நம், எங்கள் என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பொருளையே மாற்றும். நம் என்பது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். எங்கள் என்பது அவரை விலக்கும். சேர்வராயன் மலைக் கிராமத்தார் மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதும்போது, 'எங்கள் ஊரின் பாதை மழையில் அரித்துப்போயிற்று' என்று எழுத வேண்டும், ஏனெனில் ஆட்சியர் அந்த ஊர்க்காரர் அல்லர். அதே மனுவில் 'நம் மாவட்டத்தின் பிற மலைக் கிராமங்களில் பாதை போடப்பட்டிருக்கிறது' என்று எழுதலாம், ஏனெனில் மாவட்டம் இருவருக்கும் பொது. இரண்டு இடத்திலும் 'நமது' என்று போட்டால், முதல் தொடரில் குறையைச் சொல்பவர் யார் என்பதே மங்கிவிடும்.

4. இரண்டாம் வேலை: உருபைத் தேர்தல்

மூவிடப் பெயர்களுக்குப் பெரும்பாலும் உருபே தேவையில்லை. 'என் தோட்டம்', 'எங்கள் ஊர்', 'அதன் நிழல்' என்பவை முழுமையான உடைமைத் தொடர்கள். 'பிறருடையது அன்று, என்னுடையது' என்று அழுத்தம் தர வேண்டிய இடத்தில் மட்டும் 'என்னுடைய தோட்டம்' என்று எழுதுங்கள். புதியவர்கள் ஒவ்வொரு வரியிலும் 'என்னுடைய', 'உங்களுடைய' என்று போடுவதால், உண்மையில் அழுத்தம் தேவைப்படும் வரி தனித்துத் தெரிவதில்லை.

'எனது', 'நமது', 'அவரது' என்பவற்றில் உள்ள 'அது' என்ற உருபு, நன்னூல் சொல்லும் முறைப்படி, உடைமை ஒருமையாக இருக்கும் இடத்துக்கு உரியது: எனது வீடு, அவரது கை. பன்மைக்குரிய 'அ' என்ற உருபு இன்று வழக்கில் இல்லாததால் 'எனது வீடுகள்' என்று எழுதுவதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் உடைமையிடத்தில் உயர்திணைப் பெயர் வரும்போது 'அது' பொருந்தாது. 'எனது மகன்', 'எங்களது மகள்' என்று திருமண அழைப்பிதழ்களில் வருவதை நான் விடாமல் 'என் மகன்', 'எங்கள் மகள்' என்று மாற்றுகிறேன். சுருக்கமாகவும் இருக்கிறது, இலக்கணத்துக்கும் ஒத்துப்போகிறது. இதை மாற்றச் சொன்னதற்காக எந்தக் குடும்பமும் வருத்தப்பட்டதில்லை.

பெயர்ச்சொற்களில் உடையவர் ஆளாக இருந்தால் 'இன்', 'உடைய', 'அது' மூன்றும் பொருந்தும்: கண்ணனின் நிலம், கண்ணனுடைய நிலம், கண்ணனது நிலம். உடையது பொருளாகவோ இடமாகவோ இருந்தால் 'இன்' என்பதையே தேருங்கள். இதற்கு வலுவான காரணம் உண்டு. 'உடைய' என்ற சொல் 'கொண்டிருக்கிற' என்ற பொருளையும் தரும். 'பல அறைகளையுடைய விடுதி' என்றால் விடுதியிடம் அறைகள் இருக்கின்றன. அதில் ஐகாரத்தை விட்டு 'அறைகளுடைய விடுதி' என்று எழுதினால், அறைகளுக்கு விடுதி உடைமையா, விடுதிக்கு அறைகள் உடைமையா என்று படிப்பவர் ஒரு கணம் நிற்க நேரும். ஏற்காட்டு விடுதி விளம்பரங்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. 'விடுதியின் அறைகள்' என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

இரண்டு உருபுகளை அடுக்க வேண்டாம். 'எனதுடைய', 'அவரதுடைய' ஆகியவை பிழை. 'மரத்தினுடைய' என்பது வழக்கில் உண்டு என்றாலும், 'மரத்தின்' என்பதே போதும் என்னும்போது நீட்டுவதற்குக் காரணம் இல்லை.

5. மூன்றாம் வேலை: அடுத்த சொல்லோடு இணைத்தல்

உருபு வெளிப்படையாக இருந்தால் வல்லினம் மிகாது. 'என்னுடைய தோட்டம்', 'எனது பேனா', 'மலையின் பாதை' என்று இயல்பாக எழுதுங்கள். 'என்னுடையத் தோட்டம்', 'நமதுக் கடை' ஆகியவை பிழை.

உருபு மறைந்து நின்று, உடையது அஃறிணையாக இருந்தால் வல்லினம் மிகும்: புலித்தோல், மலைப்பாதை, மரத்துக்கிளை, வீட்டுக்கதவு, ஆற்றுப்படுகை, ஏற்காட்டுச் சாலை, சேலத்துப் பட்டு. உடையவர் உயர்திணையாக இருந்தால் மிகாது: தம்பி தோட்டம், தலைவி கூற்று. 'தம்பித் தோட்டம்' என்று எழுதுபவர், வல்லினம் மிகும் என்ற விதியைக் கற்ற ஆர்வத்தில் திணையைப் பார்க்க மறந்தவர்.

'சேலத்தின்' என்பதும் 'சேலத்து' என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று மாற்றாக நில்லா. 'சேலத்து மாம்பழம்' என்றால் அந்த ஊரில் விளைந்த வகை. 'சேலத்தின் வெயில்' என்றால் ஊருக்கு உரிய தன்மை. வகையையும் பிறப்பிடத்தையும் சொல்லும்போது 'அத்து' வடிவமும், தன்மையையும் பகுதியையும் சொல்லும்போது 'இன்' வடிவமும் இயல்பாக வருகின்றன. சேலம் மாவட்டம், ஏற்காடு ஏரி என்று பெயராகவே நிலைத்துவிட்டவற்றை மாற்ற வேண்டாம். 'சேலத்து மாவட்டம்' என்று திருத்திக் கொண்டுவந்த ஒருவருக்கு நான் சொன்னது இதுதான்: சேலம் என்பதே அந்த மாவட்டத்தின் பெயர், மாவட்டம் சேலத்தின் உடைமை அன்று.

6. தன், தம், தங்கள்

எழுவாய்க்கே உடைமை திரும்பும்போது 'தன்' வரும். 'கண்ணன் தன் தோட்டத்தில் காப்பி பறித்தான்' என்றால் தோட்டம் கண்ணனுடையது. 'கண்ணன் அவன் தோட்டத்தில் காப்பி பறித்தான்' என்றால் தோட்டம் வேறொருவனுடையதாகவே தோன்றும். நில வழக்குகளையும் பாகப் பிரிவினையையும் பற்றி எழுதும்போது இந்த ஒரு சொல் வேறுபாட்டில் கவனக்குறைவாக இருக்கக் கூடாது.

தன் என்பது ஒருமைக்கு உரியது. பன்மைக்கும் மரியாதைக்கும் தம் அல்லது தங்கள் வர வேண்டும். 'விவசாயிகள் தனது கோரிக்கையை வைத்தனர்' என்பது பிழை. 'விவசாயிகள் தங்கள் கோரிக்கையை வைத்தனர்', 'தலைவர் தமது உரையில் குறிப்பிட்டார்' என்று எழுதுங்கள். தாளை நிரப்பும் அவசரத்தில் செய்தி எழுதுவோர் இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள்.

கடிதத்தில் 'தங்கள்' என்பது முன்னிலையில் இருப்பவரை மதிப்போடு குறிக்கவும் வரும் என்பதால் கூடுதல் கவனம் தேவை. 'ஊர் மக்கள் தங்கள் அலுவலகத்தில் மனு கொடுத்தனர்' என்றால், மக்களுக்கு ஏது அலுவலகம் என்ற கேள்வியிலிருந்து படிப்பவரே பொருளை ஊகிக்க வேண்டியிருக்கிறது. 'வட்டாட்சியர் அவர்களின் அலுவலகத்தில்' என்று பதவியைச் சொல்லிவிடுவது நல்லது.

7. தனித்து நிற்கும் உடைமைச் சொற்கள்

பின்னால் பெயர் வராமல் உடைமைச் சொல்லே தொடரை முடிக்கும்போது 'உடையது', பன்மைக்கு 'உடையவை' என்று வரும்: 'இந்த நிலம் யாருடையது?', 'அந்த மரங்கள் எங்களுடையவை'. 'அந்த மரங்கள் எங்களுடையது' என்பது பேச்சில் செல்லும், எழுத்தில் செல்லாது. ஆட்களைச் சொல்லும்போது எங்களவர், நம்மவர் என்ற சொற்கள் இருக்கின்றன.

8. உடையவர் பலராக இருந்தால்

ஒரே தோட்டம் இருவருக்கும் பொதுவாக இருந்தால், 'கண்ணன், வள்ளி ஆகியோரின் தோட்டம்' என்று உருபை ஒரே இடத்தில் போடுங்கள். ஆளுக்கொரு தோட்டமாக இருந்தால், 'கண்ணனின் தோட்டமும் வள்ளியின் தோட்டமும்' என்று இரண்டையும் விரித்துச் சொல்லுங்கள். 'கண்ணனின் மற்றும் வள்ளியின் தோட்டம்' என்றால் தோட்டம் ஒன்றா இரண்டா என்றே தெரியாது. பத்திர எழுத்தில் இந்த மயக்கம் வழக்குவரை கொண்டுபோய்விடும்.

உடைமை சங்கிலியாக நீளும்போது 'இன்' திரும்பத் திரும்ப வரும். 'ஏற்காட்டின் ஏரியின் கரையின் பாதையின் விளக்குகள்' என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் படிக்க முடிவதில்லை. 'ஏற்காடு ஏரிக்கரைப் பாதையின் விளக்குகள்' என்று, கடைசி இணைப்பில் மட்டும் 'இன்' வைத்து மற்றவற்றை உருபு இல்லாத தொகையாக்குங்கள்.

9. சரிபார்க்கும் முறை

எழுதி முடித்ததும் உடைமைத் தொடர்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். ஐயம் வந்தால் 'இன்' இருக்கும் இடத்தில் பேச்சு வழக்கின் 'ஓட' என்பதை வைத்துச் சொல்லிப் பாருங்கள். 'மதிப்பீடோட' என்று சொல்ல நா கூசும், 'மதிப்பீட்டோட' என்பது தானாக வரும். அந்த வடிவத்தில்தான் 'இன்' ஏற வேண்டும். பொருட்பெயர்களுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் இந்தச் சோதனை நம்பத்தக்கது. ஆட்பெயர்களுக்கும் 'அவை' போன்ற அஃறிணைப் பன்மைகளுக்கும் மேலே சொன்ன பட்டியலையே பாருங்கள்.

கணினியில் எழுதியிருந்தால் தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள். 'டின்', 'றின்' என்று தேடினால் 'வீட்டின்', 'காற்றின்' போன்ற சரியான சொற்களும் வரும்; 'ட்டின்', 'ற்றின்' என்று இல்லாமல் வருபவற்றை மட்டும் நின்று பாருங்கள். அடுத்து 'சுவின்', 'குவின்' என்று தேடி, அவை ஆட்பெயரா, 'பசு' போன்ற முற்றியலுகரச் சொல்லா என்று பாருங்கள். 'தனது' என்று தேடி, ஒவ்வோர் இடத்திலும் எழுவாய் ஒருமையா என்று பாருங்கள். 'டையத்', 'டையக்', 'டையப்', 'டையச்' என்று தேடி, வருவது 'உடைய' என்ற உருபானால் மிகையான மெய்யை நீக்குங்கள். கடைசியாகச் சிறுகோட்டைத் தேடுங்கள்: ஊர்ப்பெயருக்கும் 'இன்'னுக்கும் நடுவே அது நின்றால், அந்தப் பெயர் இன்னும் முதல் வேலையைத் தாண்டவில்லை.